நாற்காலி புறப்பட்ட ஊர்

வெளியூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அவர்களை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போவார். ஸ்ரீரங்கத்துக்கு ஜனங்கள் எதற்குப் போவார்கள்? பெருமாளைச் சேவிக்கத்தான். அப்பாவோ அவர்களை உச்சி வெயிலில் மதில் ஓரமாக நிறுத்தி வைத்து, "இந்தக் கோயிலுக்குள்ளதாங்க பிரெஞ்சுக்காரன் பீரங்கியோட உட்கார்ந்திருந்தான்" என்று ஆரம்பிப்பார். நடை சாத்திவிடப் போகிறார்களே என்று வந்தவர்கள் நெளிவார்கள். அப்பா விடமாட்டார். காவிரிக்கு இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரன், அந்தக் கரையில் திருச்சிக் கோட்டையில் ஆங்கிலேயன். ஆங்கிலேயப் படையை நடத்திய அதிகாரிதான் பிறகு கம்பெனிப் படைகளுக்கெல்லாம் தளபதி ஆனவர். இந்திய ராணுவத் தலைமைத் தளபதிகளின் வரிசையில் முதல் பெயர் அவருடையது.

"அந்த நாற்காலி டெல்லியில செஞ்சது இல்லைங்க. நம்ம ஊர்லேருந்து கெளம்பிப் போனது" என்பார் அப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஒரு தடவையாவது திரும்பி வரணும்ல?" என்று முடிப்பார்.

தமிழர்கள் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்களே என்று யாராவது சொன்னால், "மருங்காபுரிக்காரன் இருந்தானா?" என்று கேட்பார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் மருங்காபுரிப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன் என்று வாழ்ந்த குடும்பம். அதில் படித்து, திருச்சியில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாகி, மன்னார்புரத்தில் வீடு கட்டிய முதல் ஆள் அவர். ஆபீஸில் அவருக்கு ஊழியர்களின் பணிப் பதிவைப் பார்க்கும் செக்‌ஷன். யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதுதான் அவருடைய பிழைப்பு. ஒருவரைப் பார்த்து வணக்கம் சொல்வதற்குள் அவர் எந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போவார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் இதுதான் எங்கள் வயிற்றெரிச்சல்.

அண்ணன் பிறந்தது ஒரு மாட்டுப் பொங்கலன்று. காலையில் மாடு குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வலி எடுத்ததாம். ஆங்கிலத் தேதி ஜனவரி பதினைந்து. அது ராணுவ தினம் என்பது அப்போது அப்பாவுக்குத் தெரியாது. சுதந்திரத்துக்குப் பிறகும் தலைமைத் தளபதி பதவியில் ஆங்கிலேயர்களே இருந்தார்கள் என்றும், அந்தத் தேதியில்தான் முதன்முதலாக ஓர் இந்தியர் கையில் அது வந்தது என்றும் பின்னால் எங்கோ படித்துத் தெரிந்துகொண்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதுவரை மதிலும் பீரங்கியுமாக இருந்த கதையில் அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார். பிறந்த நாளே எழுதி வைத்தது மாதிரி அமைந்திருக்கிறதே என்று பூரித்துப் போனார்.

ஆனால் அதற்குள் அந்தப் பிறந்த நாளை அவரே மாற்றியிருந்தார்.

அந்தக் கதையை எங்கள் வீட்டில் சாப்பிட்ட எல்லோரும் கேட்டிருப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தி, கருமாதி வீட்டுப் பந்தல், எதுவும் பாக்கியில்லை. அண்ணனுக்கு நாலரை வயது. நான் அம்மா வயிற்றில். அம்மாவால் அவர் பின்னால் ஓட முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் போட்டுவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். பிறப்புச் சான்றிதழெல்லாம் யாரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான்.

"கை எட்டலை. ஒரு விரக்கடைதான் பாக்கி. நான் என்ன பண்ணேன், புள்ளையைத் தட்டிக் குடுக்கற மாதிரி தலையை இப்படிக் கொஞ்சம் சாச்சுப் பிடிச்சேன். விரல் காதைத் தொட்டுடுச்சு. ஹெட்மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே ஜூன் ஒண்ணுன்னு போட்டார். புள்ளைக்கு ஒரு வருஷம் லாபம்."

இதைச் சொல்லும்போது தன் தலையையே சாய்த்துக் காட்டுவார். பந்தியே சிரிக்கும். ஜூன் ஒன்று என்பது ஊர் வழக்கம்தான். அண்ணனின் வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்குப் பிறந்தவர்கள், அந்த ஒரு நாளில் மருத்துவச்சிக்குக் கை ஒடிந்தே போயிருக்கும் என்று நான் கேலி செய்வேன். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். "பொறந்த நாளைப் புடுங்கிக்கிட்டு லாபமாம் லாபம்" என்று முணுமுணுத்துவிட்டு ரசத்தை எடுக்கப் போய்விடுவாள்.

அண்ணன் பத்து வயதில் சைனிக் ஸ்கூலுக்குப் போனார். அப்புறம் ராணுவக் கல்லூரி, அப்புறம் அதிகாரி. வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி பெட்டியைப் பிரிக்காமலே சில நாள் இருந்துவிட்டுக் கிளம்புவார். அப்பா அவரிடம் ஊர், உடம்பு என்று எதுவும் விசாரித்ததில்லை. பேசியதெல்லாம் நாற்காலியைப் பற்றித்தான். வெள்ளைக்காரன் நாளில் அந்தப் பதவிக்கு வைஸ்ராய்க்கு அடுத்த இடம். சென்னைக்கு ஒரு தளபதி, பம்பாய்க்கு ஒன்று, வங்காளத்துக்கு ஒன்று என்று மூன்றாக இருந்ததைப் பிற்பாடு ஒன்றாக்கினார்கள். டெல்லியில் அவருக்கென்று கட்டின மாளிகை சுதந்திரத்துக்கு அப்புறம் பிரதம மந்திரி வீடாகிவிட்டது. கொஞ்ச வருஷத்தில் பட்டமும் போயிற்று. மூன்று படைக்கும் ஜனாதிபதியே தலைவர், தரைப்படைத் தளபதி தன் படைக்கு மட்டும் தலைமை என்று ஆனது. இவ்வளவும் அப்பாவுக்குத் தன் பங்காளிச் சொத்து கைமாறின கதை போல. சில வருஷம் முன்பு முப்படைக்கும் சேர்த்து ஒரு தலைமைத் தளபதியைப் புதிதாக நியமித்தபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நாற்காலி மேல ஒரு ஸ்டூலைத் தூக்கிப் போட்டுட்டாங்க" என்று புலம்பினார். பிறகு அவரே சமாதானம் ஆனார். "பரவாயில்ல. நம்ம பையன் நாற்காலி வரைக்கும் வரட்டும், ஸ்டூலை அப்புறம் பார்த்துக்கலாம்."

அம்மா சாகும்போது அண்ணன் எல்லையில் ஏதோ மலையில் இருந்தார். பனியால் ரோடு மூடிவிட்டது என்றார்கள். அவர் வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடிந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த நாற்காலியை உடைத்து அடுப்பில் வைக்கச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அண்ணன் பிரிகேடியர் ஆனார். அது பெரிய உத்தியோகம். மன்னார்புரத்தில் பிறகு வந்த புது வீட்டுக்காரர்கள்கூட அப்பாவைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைத்தார்கள். அப்பா அதற்கு மேலே இருந்த படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது மேஜர் ஜெனரல், அதற்கு மேல் லெப்டினன்ட் ஜெனரல், அதற்கு மேல் நாற்காலி. மேஜர் ஜெனரல் பதவிக்கு அண்ணன் பெயர் தேர்வாகிவிட்டது என்று தெரிந்தபோது மணப்பாறை முறுக்கு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் போன பிறகு நான் அவரோடு இருந்தேன். முறுக்கை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தவள் நான்தான்.

அந்த வருஷம் ஜூன் மாத ஆரம்பத்தில் அண்ணனும் அண்ணியும் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோடு பக்கம் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த ஃப்ளாட்டில் குடி வந்தார்கள். அப்பா லீவு என்றுதான் நினைத்தார்.

"லீவு எவ்வளவு நாள்?" என்று கேட்டார்.

"ரிட்டயர் ஆயிட்டேம்ப்பா."

"பேரு வந்துடுச்சுன்னியே."

அண்ணன் தரையைப் பார்த்தார். "வந்துச்சுப்பா. எனக்குத்தான் போதும்னு தோணிடுச்சு. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். அண்ணன் தினமும் காவிரிப் பாலம் தாண்டி மன்னார்புரத்துக்கு வருவார். அப்பாவின் மருந்தை எடுத்து வைப்பார், நகம் வெட்டி விடுவார். அப்பா என்னைப் பார்த்து, "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பார். வாய் நிறைய டேய் என்று கூப்பிட்ட பிள்ளையை அவர், இவர் என்றார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. யாராவது வந்து விசாரித்தால், "பாதி வழியில இறங்கி வந்துட்டாருங்க. கால் வலிக்குதாம்" என்று அண்ணனை வைத்துக்கொண்டே சொல்வார். அண்ணன் சிரித்துக்கொண்டு வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார்.

எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்போது நானும் கூடக் கிளம்பி, பாலத்தின் மேல் அவரோடு நடந்தேன். ஆற்றில் தண்ணீர் இருந்தது. "உங்களுக்கு ஏன் இப்படிப் புத்தி போச்சு? இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தா அந்த மனுஷன் நிம்மதியாச் சாவாருல்ல" என்று நானே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். "நான் எங்கம்மா எழுதிக் குடுத்தேன்? பேரு வந்துச்சு. எடம் காலியாகலை. காலியானாத்தான் ஏத்துவாங்க. புரட்டாசிலதான் ஒருத்தர் போறார். பிரிகேடியருக்கு அம்பத்தாறு வயசு வரைக்கும்தான் வேலை. சர்டிபிகேட்படி எனக்கு ஜூன் ஒண்ணோட முடிஞ்சுது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாட்டுப் பொங்கல் என்று போட்டிருந்தால் தை மாதம் வரை இருந்திருப்பார். புரட்டாசியில் இடம் காலியாகும்போது வேலையில் இருந்திருப்பார். அந்த ஒரு விரக்கடை.

"அவர்கிட்டச் சொல்லுங்க" என்றேன். "நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன். தினம் தினம் உங்களை அவமானப்படுத்திக்கிட்டிருக்கார்."

"வாயைத் தொறக்காத" என்றார். ராணுவக் குரலில் அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான். அப்புறம் தணிந்து சொன்னார். "அவர் வாழ்க்கைல ஜெயிச்ச கதைன்னு ஒண்ணை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கார். அதைப் போயி நான் கெடுக்கணுமா? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறார்."

"நாற்காலி போச்சேண்ணே."

"எனக்கும் அந்த நாற்காலிக்கும் எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாதா? அது வந்திருக்காது. ஆனா மேஜர் ஜெனரல் வந்திருக்கும்." இத்தனை வயதான மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். நான் அழுதேன். பாலத்தில் போனவர்கள் ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

வாயை மூடிக்கொண்டேன். என் சுபாவத்துக்கு அது லேசான காரியம் இல்லை.

அடுத்த தை வந்தது. மாட்டுப் பொங்கலன்று அண்ணனும் அண்ணியும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அண்ணனுக்குப் பிறந்த நாள் என்று நான் பாயசம் வைத்தேன். அப்பா டிவியில் ராணுவ தின அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தளபதி வண்டியில் நின்றபடி மரியாதையை ஏற்றுக்கொண்டு போனார். எத்தனை வருஷம் அந்த இடத்தில் அண்ணன் முகத்தை வைத்துப் பார்த்திருப்பாரோ, அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார். அண்ணன் பின்னால் கதவோரம் நின்றிருந்தார்.

அப்போது அப்பாவோடு ஆபீஸில் அதே செக்‌ஷனில் வேலை பார்த்த மாமா ஒருவர் வந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, பழக்கத்தில் மாமா. மணப்பாறையிலிருந்து வருஷா வருஷம் முறுக்குப் பொட்டலத்தோடு பொங்கலுக்கு வருகிறவர். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர், காது மட்டும் மந்தம். பாயசத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று சத்தமாகக் கேட்டார்.

"அண்ணனுக்குப் பொறந்த நாள் மாமா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவுக்குக் கதை ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளை மேல் கோபம் இருந்தாலும் கதை மேல் கோபம் இல்லையே. ஹெட்மாஸ்டர் வந்தார், கை எட்டவில்லை, தலையைச் சாய்த்தார், ஜூன் ஒன்று என்று போட்டார். "புள்ளைக்கு ஒரு வருஷம் லாபம்" என்று முடித்துவிட்டு அப்பா சிரித்தார்.

மாமாவும் சிரித்தார். முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். எத்தனையோ வருஷம் அந்த செக்‌ஷனில் உட்கார்ந்த மனிதர் அல்லவா, வாய் தானாகக் கணக்குப் போட்டது. "ஒண்ணாந்தேதி பொறந்தவனை முந்தின மாசக் கடைசியிலேயே எறக்கிடுவானே. மே முப்பத்தொண்ணு. இன்னிக்கின்னு போட்டிருந்தா இந்த மாசம் முடிய இருந்திருக்கலாம். எட்டு மாசம் போச்சு பாருங்க."

டிவியில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் தலை இன்னும் சாய்ந்தபடியே இருந்தது. நிமிர்த்த மறந்துவிட்டார். அவருக்கு அந்த விதி தெரியாதா? ஆயிரம் பேருக்கு அவரே சொல்லியனுப்பிய விதி. ராணுவம் என்றால் நாற்காலி, பீரங்கி, மாளிகை என்றே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதுவும் மாதக் கடைசியில் ஆளை வீட்டுக்கு அனுப்புகிற ஆபீஸ்தான் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். "உனக்கு எந்தத் தேதியில கணக்கு?"

"எங்களுக்கு அப்படி இல்லைப்பா. மிலிட்டரில வேற கணக்கு" என்றார் அண்ணன்.

"வேற கணக்கா?"

"ஆமாப்பா. நானாத்தான் வந்தேன்."

அப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமாவுக்கும் ஏதோ உறைத்து முறுக்கை மென்றபடி குனிந்துகொண்டார். நான் சமையல் கட்டு வாசலில் கரண்டியோடு நின்றேன்.

"சரி" என்றார் அப்பா. பிறகு முறுக்குப் பொட்டலத்தைக் கையால் தள்ளினார். "டேய், நீயும் எடுத்துக்கடா."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலி கதையையும் சொல்லவில்லை. ஒருநாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். நானும் போனேன். வழக்கமான மதில் பக்கம் வந்ததும் நிற்பார் என்று நினைத்தேன். நிற்காமல் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உள்ளே போய்ப் பெருமாளைச் சேவித்தோம். எனக்குத் தெரிந்து அவர் சந்நிதி வரை வந்தது அப்போதுதான். வெளியே வந்து ஒரு கடையில் காபி குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "உங்கம்மா அன்னிக்கே வேணாம்னா."

மாசியில் படுத்தார். பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டார். கடைசி நாட்களில் அண்ணன்தான் குளிப்பாட்டினார், அண்ணன்தான் ஊட்டினார். அப்பா அவரை டேய், டேய் என்று காரணமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

காவிரிக் கரையில் அண்ணனை உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். முடி எடுப்பவர் ஒரு கையால் தாடையைப் பிடித்து, "தலையைக் கொஞ்சம் சாச்சுக்குங்க சார்" என்றார். எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. நான் போயிருந்தேன். அண்ணன் சாய்த்த தலையோடு என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அங்கிருந்த அலுவலகத்தில் விவரம் கேட்டார்கள். இறந்தவர் பெயர், வயது, கொள்ளி வைத்தவர் யார். அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உங்க பொறந்த தேதி சார்?"

"ஜனவரி பதினஞ்சு."

எழுதுகிறவர் அண்ணனின் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல வேற தேதி இருக்கே சார். ஜூன் ஒண்ணு போட்டிருக்கு. எது சரி?"

அண்ணன் நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"ஜூன் ஒண்ணே போட்டுக்குங்க" என்றார். "எங்கப்பா குடுத்த தேதி அது."